குதிரை புறப்பட்ட பின்

ஜனவரி 9, வியாழன்

கிடைத்துவிட்டது.

மதியம் மூன்று இருபதுக்கு ‘நிமிஷம்’ என் மேசைக்கு வந்தார். எங்கள் ரயில்வே அட்டவணைப் பிரிவின் தலைவர். இந்தப் பட்டப்பெயரை அவருக்கு யார் வைத்தார்கள் என்று தெரியாது, நான் வேலைக்குச் சேரும்போதே இருந்தது. கோப்பை மேசை விளிம்போடு ஒட்டி நேராக வைத்தார். "நாலு சனிக்கிழமை. நாலே நாலு. ஓட்டிக் காட்டுங்க" என்றார். போய்விட்டார்.

இரண்டே முக்கால் கிலோமீட்டர். ஜங்ஷனின் ஐந்தாம் நடைமேடையிலிருந்து குதிரைப் பந்தயத் திடல் வரை ஒற்றைத் தண்டவாளம். பத்தொன்பது வருடமாக வண்டி கிடையாது. அலுவலகச் சுவர் வரைபடத்தில் அது ஒரு புள்ளிக்கோடு. எட்டு மாதமாக நான் அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டும், அவற்றைப் பற்றி மனு எழுதிக்கொண்டும் இருந்தேன்.

நிபந்தனை மூன்று. நான்கு பந்தய நாட்களிலும் வண்டி ஒழுங்காக ஓட வேண்டும். ஆள் ஏற வேண்டும். பந்தய கிளப்பிலிருந்து புகார் வரக் கூடாது, ஏனென்றால் பாதையின் கடைசிப் பகுதி அவர்கள் நிலத்தில் போகிறது. தேறினால் தினசரி வண்டி. தேறாவிட்டால் தண்டவாளத்தைப் பெயர்த்துவிடுவார்கள்.

திடலுக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில் மூவாயிரம் பேர். அதில் இரண்டு பேர் அக்காவும் அத்தானும். அவர்கள் வீட்டு மாடி அறையில் நான். வேலைக்குப் போகிற எல்லோரும் ஜங்ஷனுக்கு நாற்பது நிமிடம் நடக்கிறோம். மழையில் ஐம்பது.

வந்ததும் சொன்னேன். அக்கா கண்ணாடிக் கடைச் சீருடையைக்கூட மாற்றாமல் கட்டிலில் காலை நீட்டியிருந்தாள்.

"அப்ப நடக்க வேணாமா?"

"நாலு சனிக்கிழமையும் தேறினா."

"நீ எந்தப் பரீட்சையிலடி முதல் தடவை தேறியிருக்க?"

அத்தான் சிரித்தார். திடலில் அவருக்கு வேலை, பந்தயம் தொடங்கும் கூண்டுக்குள் குதிரைகளைத் தள்ளி ஏற்றுவது. "எங்க வீட்டுக்கு ரயில் விடுற கொழுந்தியா எவனுக்குக் கிடைக்கும்? நம்ம வீட்டு வாசல்ல ஒரு ஸ்டாப்பிங் போட்டுரும்மா."

பல்கலைக்கழகத்தில் காலம் என்றால் என்ன என்று இரண்டு வருடம் படித்தேன். பதில் கிடைக்கவில்லை. இப்போது கோடு போட்ட தாளைக் கொடுத்து, நீயே எழுது என்கிறார்கள்.  

ஜனவரி 12, ஞாயிறு

நாள் முழுக்க மாடி அறை. பென்சில், அழிப்பான், இரண்டு தாள் ஒட்டி ஒரு தாள்.

ஓடும் நேரம் ஆறு நிமிடம். கடைசி நிலையத்தில் டிரைவர் இறங்கி, நான்கு பெட்டி நீளம் நடந்து, மறுமுனையில் ஏற நான்கு நிமிடம். போய் வர இருபது நிமிடம். ஒரே வண்டி, ஒரு மணி நேரத்துக்கு மூன்று நடை.

பந்தயம் ஏழு. அதில் நான்கு, தண்டவாளம் திடலை ஒட்டி வளையும் இடத்தில் தொடங்குகின்றன. கூண்டு அங்கேதான் நிற்கும். அந்த நேரத்தில் வண்டி அந்தப் பக்கம் போகக் கூடாது என்று அத்தான் சொல்லியிருந்தார். பந்தய அட்டையில் நேரம் அச்சிட்டிருக்கிறார்கள். மூன்று மணி ஓட்டமென்றால் என் வண்டி மூன்று ஐந்துக்கு வளைவைத் தாண்டும். ஐந்து நிமிட இடைவெளி. நான்கு இடத்திலும் பொருத்திவிட்டேன்.

ஒரு நடைக்கு ஒரு சாய்கோடாகத் தாள் நிரம்பிவிட்டது. மேலும் கீழும், மேலும் கீழும். ஒரு கோடும் இன்னொரு கோட்டை இடிக்கவில்லை. இதைவிட அழகாக நான் எதையும் எழுதியதில்லை என்று தோன்றுகிறது. எழுதிய கவிதைகளையும் சேர்த்துத்தான்.

ஜனவரி 18, சனி

காலி வண்டி வெள்ளோட்டம். முன்பெட்டியில் டிரைவர், நான், நிமிஷம், நிமிஷத்தின் கைக்கடிகாரம்.

போகும்போது தண்டவாளம் முழுக்கத் துரு. திரும்பி வரும்போது அதே இடத்தில் இரண்டு மெல்லிய வெள்ளிக்கோடு. ஒரு தடவை சக்கரம் உருண்டதற்கே. பார்த்துக்கொண்டே வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பாதி வழியில் நிற்க வேண்டியதாயிற்று. தண்டவாளத்துக்குக் குறுக்கே துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு அம்மாள் வந்து அவசரமில்லாமல் கொடியை அவிழ்த்தாள்.

"தினமும் வருமா இது?"

"இப்போதைக்கு சனிக்கிழமை மட்டும்" என்றேன்.

"அப்ப மத்த நாள் கட்டிக்கலாம்ல?"

டிரைவர் சிரித்த சிரிப்பில் வண்டியே குலுங்கியது. "பாதையா சார் இது, கொல்லைப்புறம்!" நிமிஷம் சிரிக்கவில்லை. துணிக்கு ஒன்றே கால் நிமிடம் என்று குறித்துக்கொண்டார்.

வளைவுக்கு முன்னால் லாயத்துச் சாலை தண்டவாளத்தைக் கடக்கிறது. அங்கே கேட்டை மூடித் திறக்கப் புதிதாக ஒரு கேட்காரம்மா. ஒரு ஆள் நிற்கும் அளவு அறை, ஒரு தொலைபேசி, இழுக்க இரண்டு லிவர் கம்பி. முதல் லிவர் சாலைக் கதவை இறக்கும். இரண்டாவது வண்டிக்குப் பச்சை காட்டும். முதலாவது பூட்டாமல் இரண்டாவது அசையாது. சிக்னலைத் தாண்டியதும் ஒரு மஞ்சள் பலகை, அங்கே டிரைவர் ஹாரன் அடிக்க வேண்டும். விதி. அடித்தார். பலமான ஹாரன்.

எல்லாம் ஆறு நிமிடத்துக்குள். துணி நீங்கலாக.

ஜனவரி 24, வெள்ளி

நாளை. மூன்று பென்சில் சீவிவிட்டேன், எழுத ஒன்றும் இல்லை.

ஜனவரி 25, சனி

என்ன எழுத.

ஒன்று பத்து வண்டி நிரம்பியது. ஒன்று முப்பதும். ஒன்று ஐம்பதில் படியில் தொங்கினார்கள். எல்லோர் கையிலும் மடித்த பந்தய அட்டை, காதில் பென்சில். யாரும் யாரையும் பார்க்காமல் எல்லோரும் பேசிக்கொண்டே வந்தார்கள். என் கோடுகள்! என் சாய்கோடுகளுக்குள் இவ்வளவு வியர்வையும் இவ்வளவு சத்தமும் இருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றவே இல்லை?

மூன்று ஐந்து. நான் முன்பெட்டியில் இருந்தேன். நொடி பிசகாமல் வந்தோம். பச்சை. மஞ்சள் பலகை. டிரைவர் ஹாரன் அடித்தார்.

கூண்டு இன்னும் அங்கே இருந்தது. குதிரைகள் உள்ளே. ஐந்து நிமிடம் முன்பே ஓடியிருக்க வேண்டிய குதிரைகள். ஒன்று முன்னங்காலைத் தூக்கிக் கூண்டுக்குள்ளேயே நிமிர்ந்து நின்றது. அதன் மேலிருந்தவர் சரிந்தார். பின்னாலிருந்து ஒரு ஆள் தெறித்து விழுந்தார். நீலத் தொப்பி உருண்டது.

வண்டி வளைந்து போய்விட்டது. நொடி பிசகாமல்.

நீலத் தொப்பி அத்தானுடையது.

ஜனவரி 26, ஞாயிறு

தோள்பட்டை. எலும்பு முறியவில்லை. கட்டுப் போட்டு கட்டிலில் உட்கார்ந்து ஆரஞ்சை ஒற்றைக் கையால் உரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உரித்துக் கொடுத்தேன்.

"மூணு மணின்னு அச்சாகியிருக்கே அத்தான்! மூணு மணின்னுதானே போட்டிருக்காங்க!"

"மூணு மணிக்குத்தான் குதிரைய கூண்டுகிட்ட கொண்டு வந்தோம்."

"அப்ப ஓடுறது?"

"அது எல்லாக் குதிரையும் உள்ள ஏறினப்புறம். ஏறுறது அதுங்க இஷ்டம். ஒண்ணு ஏறும், ஒண்ணு சுத்திச் சுத்தி வரும், ஒண்ணு மொறைக்கும். கடைசிக் குதிரை ஏறினதும் கதவு திறக்கும். இதைப் போய் எவன் கேப்பான்னு நானும் சொல்லல."

எங்கள் பிரிவில் மூன்று மணி என்றால் சக்கரம் உருளும் நேரம். வேறு அர்த்தம் இருக்க முடியும் என்று நினைத்துப் பார்க்கும் ஆள் எங்கள் பிரிவிலேயே கிடையாது. நாங்கள் ஆறு பேர் அந்த அட்டவணையைச் சரிபார்த்தோம். ஆறு பேரும் அந்த ‘3.00’ஐ நம்பினோம். குதிரைகளோடு வேலை செய்கிறவர் என் சோற்றில் குழம்பு ஊற்றும் தூரத்தில் இருந்தார். கேட்கவில்லை.

அக்கா தட்டை என் முன்னால் வைத்தாள். வைத்தாளா, போட்டாளா.

"உன் ரயிலு இவர் மேல ஏறாததுதான் பாக்கி."

அத்தான்: "விடேன். ரயில் சரியான டைமுக்கு வந்துச்சுல்ல, அதைப் பாரு."

அவள் சிரிக்கவில்லை. நானும்தான்.

ஜனவரி 27, திங்கள்

கிளப் செயலாளரின் கடிதம். ஒரு ஜாக்கிக்கு மணிக்கட்டு வீக்கம், ஒரு ஊழியருக்குத் தோள்பட்டைக் காயம், ஒரு குதிரைக்கு மன உளைச்சல். இன்னொரு முறை இப்படி நடந்தால் நிலத்தின் மீதான அனுமதி ரத்து.

தொலைபேசியில் இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: "எங்க குதிரைங்களுக்கு உங்க டைம்டேபிள் படிக்கத் தெரியாதும்மா."

நிமிஷம் அசரவில்லை. "நம்ம வண்டி நேரத்துக்கு வந்துச்சு. அவங்க குதிரை லேட்டு. லேட்டு யாரோ அவங்கதான் விளக்கம் எழுதணும்." ஆனாலும் சிவப்புப் பென்சிலை எடுத்தார். அந்த நான்கு பந்தயங்களுக்கும் முன்னும் பின்னுமாக நாற்பது நிமிடம் வண்டியே இல்லை என்று அடித்தார்.

என் தாளில் நான்கு பெரிய ஓட்டைகள்.

பிப்ரவரி 1, சனி

இரண்டாம் சனிக்கிழமை. புகார் இல்லை. ஆளும் இல்லை.

போன வாரம் இரண்டாயிரத்து நூற்று நாற்பது பேர். இன்று அறுநூற்றுப் பத்து. ஐந்தாம் நடைமேடையில் கொஞ்ச நேரம் நின்றார்கள், பிறகு தண்டவாளத்திலேயே இறங்கி நடந்துபோனார்கள். வரிசையாக. குடை பிடித்தபடி. வண்டிக்காகப் போட்ட பாதையில் ஜனங்கள் நடக்கிறார்கள், வண்டி நின்று பார்க்கிறது.

ஒருவர் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு வந்தார். "வண்டி இருக்கா, இல்லையா? கண்ணாமூச்சி ஆடுறீங்களா?"

டிரைவர் இருக்கையிலேயே தூங்கிவிட்டார்.

இப்படியே போனால் யாரும் தடுக்காமல் தானாகவே செத்துவிடும். இன்னும் இரண்டு சனிக்கிழமை.

பிப்ரவரி 4, செவ்வாய்

விடுப்பு போட்டேன். காலை ஆறு மணிக்கு அத்தானோடு திடலுக்குப் போனேன். செவ்வாய்க்கிழமைகளில் குதிரைகளுக்குக் கூண்டு ஏறப் பழக்கம் கொடுப்பார்களாம். கட்டுப் போட்ட தோளோடு அவர் வேலை, சத்தம் போடுவது மட்டும்.

எனக்குக் குதிரை இவ்வளவு பெரிது என்று தெரியாது. பக்கத்தில் வந்தால் ஒரு அறை நடந்து வருவது போல. சூடு அடிக்கிறது அதன் மேலிருந்து.

நிறுத்துக் கடிகாரத்தோடு வேலி மேல் உட்கார்ந்தேன். முதல் குதிரையை நெருங்கியதிலிருந்து கடைசிக் கதவு சாத்தும் வரை. பதினான்கு தடவை பார்த்தேன். குறைந்தது ஐம்பது நொடி. அதிகம் ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடமும் ஒரே குதிரை, செம்பட்டைப் பெட்டை, ஆட்கள் அதை மகாராணி என்கிறார்கள். இரண்டு பேர் கை கோத்துப் பின்புறத்தைத் தள்ளுகிறார்கள். அது திரும்பிப் பார்க்கிறது. அவ்வளவுதான், பார்க்கிறது. பிறகு ஒன்றுமே நடக்காதது போல் தானே உள்ளே போய் நிற்கிறது.

"ஏன் அத்தான் இப்ப மட்டும் போச்சு?"

"அதுக்கு இப்பத்தான் தோணியிருக்கு."

"எப்படி முன்கூட்டிச் சொல்றது?"

"சொல்ல முடிஞ்சா நான் ஏம்மா தோள்ல கட்டோட நிக்கிறேன்?"

ஒரு சராசரி எடுக்கலாம் என்று வந்தேன். சராசரி இருக்கிறது, இரண்டு நிமிடம் இருபது நொடி. பதினான்கில் ஒரு தடவைகூட இரண்டு நிமிடம் இருபது நொடி ஆகவில்லை.

கூண்டு திறந்து அவை பாய்ந்தபோது, அங்கே சாலையில் ஒரு லாரி கண்மண் தெரியாமல் ஹாரன் அடித்தது. நான் வேலியிலிருந்து இறங்கிவிட்டேன். குதிரைகள் கவனிக்கவே இல்லை.

"நின்னுட்டிருக்கற குதிரைக்குத்தான் பயம்" என்றார் அத்தான். "ஓட ஆரம்பிச்சிட்டா காதே கிடையாது."

வீடு வரை ஓட்டமும் நடையுமாக வந்தேன். எதற்கு ஓடினேன்? இன்னும் ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் ஏதோ பக்கத்தில் இருக்கிறது.

பிப்ரவரி 5, புதன்

பிடிபட்டது.

வேலை முடிந்து வரும் வழியில் கேட்காரம்மாவின் அறையில் மழைக்கு ஒதுங்கினேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் கூண்டு நிற்கும் இடம் நேர் எதிரே. நூற்றைம்பது அடிதான் இருக்கும். அவருக்கு எல்லாம் தெரிகிறது. குதிரை உள்ளே, குதிரை வெளியே, மகாராணி முறைக்கிறாள், எல்லாம்.

"அன்னிக்கு நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்காம? எனக்கு மூணு அஞ்சுக்குப் பச்சை போடணும்னு தாள்ல போட்டிருந்துச்சு. போட்டேன். தாள் உங்களோடது."

சுரீர் என்றது. சரிதான்.

"தாள்ல நேரமே போடலைன்னா எப்பப் போடுவீங்க?"

அவர் இரண்டாவது லிவர் மேல் கையை வைத்து யோசித்தார். "விதிப்புத்தகத்துல, பாதை பத்திரமா இருக்குன்னு எனக்குத் தோணினாத்தான் இதை இழுக்கணும்னு இருக்கு. மணி பார்த்து இழுன்னு இல்ல."

"குதிரை கூண்டுக்குள்ள நிக்கறப்ப?"

"எனக்குத் தோணாது."

நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் பயந்துவிட்டார்.

ஆக: புதிய விளக்கு வேண்டாம், புதிய ஆள் வேண்டாம், ஒரு திருகாணி வேண்டாம். வண்டி எப்போதும் போல் கிளம்பட்டும். சிக்னலில் வந்து நிற்கட்டும். நிற்கும் மின்வண்டிக்குச் சத்தம் கிடையாது. மஞ்சள் பலகை சிக்னலுக்கு அப்பால் இருக்கிறது, ஆகவே ஹாரனும் கிடையாது. கூண்டு திறந்து குதிரைகள் பாய்ந்ததும் லிவர். அந்த நான்கு பந்தயங்களுக்கும், இரண்டு பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கும். எத்தனை நிமிடம் நிற்கும்? தெரியாது. ஐம்பது நொடியோ, ஏழு நிமிடமோ. மகாராணியைக் கேட்க வேண்டும்.

அட்டவணையில் அந்த இடத்தில் என்ன எழுதுவது? எண் இல்லை. மூன்று சொல் போதும்: குதிரை புறப்பட்ட பின்.

பிப்ரவரி 6, வியாழன்

நிமிஷம் தாளை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா இது?"

"சிக்னல்லேருந்து கிளம்புற நேரம் சார்."

"நேரம் எங்க?"

"குதிரை புறப்பட்ட பின்."

"நேரம் போடாத வண்டியா? முப்பத்தொரு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். அதுக்குப் பேரு வண்டி இல்லம்மா. காத்து. வர்றப்ப வரும்."

"நேரம் போட்டதாலதானே சார் எங்க அத்தானுக்குத் தோள் போச்சு?" குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைகள் நிமிர்ந்தன. "தப்பான நேரத்தைச் சரியா கடைப்பிடிச்சோம். ஆறு பேரும். நீங்களும்."

இப்படி அவரிடம் யாரும் பேசியதில்லை. நான் உட்பட. 

அவர் கோபப்படவில்லை. அதுதான் அதிகப் பயமாக இருந்தது. தாளைத் திருப்பி வெறும் பின்பக்கத்தைப் பார்த்தார். நான்கு பத்திலிருந்து நான்கு பதினாறு வரை பார்த்தார். பிறகு கிளப் செயலாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அந்த மூன்று சொல்லையும் ஒரு கணக்கைப் படிப்பது போல் படித்தார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, நிமிஷத்தின் காது சிவந்தது. வைத்துவிட்டார்.

"ஒரே ஒரு தடவைங்கறான். குதிரை காதசைச்சாக்கூட நிறுத்திடுவானாம்." கையெழுத்துப் போட்டார். "நானும் வர்றேன்."

பிப்ரவரி 7, வெள்ளி

ஒருவேளை நாளை மகாராணி ஏறவே இல்லையென்றால்?

பிப்ரவரி 8, சனி

எழுதியே ஆக வேண்டும். 

முதல் வளைவுப் பந்தயம், மூன்று மணி. இரண்டு ஐம்பத்தாறு வண்டி. ஐந்நூறு பேர் இருக்கும். முன்பெட்டியில் டிரைவர் பக்கத்தில் நான், எனக்குப் பக்கத்தில் நிமிஷம், கையில் கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு.

மூன்று மணிக்குச் சிக்னலில் நின்றோம். சிவப்பு. மோட்டார் அடங்கியது.

எதிரே கூண்டு. குதிரைகள் அப்போதுதான் வந்துகொண்டிருந்தன. பெட்டிக்குள் முணுமுணுப்பு ஆரம்பித்தது. ஏன் நிக்குது, இன்னிக்குமா, இறங்கி நடங்கப்பா. யாரோ கதவைத் தட்டினார்கள். பின்னால் ஒருவன் விசில் அடித்தான். நான் செத்தேன் என்று நினைத்தேன். ஐந்நூறு பேரின் சத்தம் ஒரு ஹாரனுக்குக் குறைந்ததா? இதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

அப்போது ஜன்னலோரத்தில் ஒரு பெரியவர், காதில் பென்சில், கத்தினார்: "டேய், கூண்டுல ஏத்துறாங்கடா! வாய மூடுங்க! என் குதிரை ஒன்பதாம் நம்பர் அங்க நிக்குது!"

அவ்வளவுதான். எல்லோருடைய குதிரையும் அங்கே நின்றது. எல்லோரும் அட்டையைப் பார்த்தார்கள், ஜன்னலைப் பார்த்தார்கள். "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் முதல் பெட்டியிலிருந்து நான்காம் பெட்டிக்கு ஓடியது. பிறகு எதுவும் இல்லை. வண்டி முழுக்க ஒரு பக்க ஜன்னலில். ஒருவர் தோளில் ஒருவர் மோவாய். ஒரு குழந்தையின் வாயை அதன் அம்மா பொத்தினாள்.

மூன்று மூன்று. எட்டுக் குதிரை உள்ளே.

மூன்று ஐந்து. வெளியே ஒன்றே ஒன்று. செம்பட்டை. ஒன்பதாம் நம்பர்.

அத்தான் ஒற்றைக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவள் சுற்றினாள். மறுபடி சுற்றினாள். எங்களைப் பார்த்தாள். சத்தியமாக, வண்டியைத்தான் பார்த்தாள். பெரியவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி காற்றில் பேசினார். "ஏறு தாயி. ஏறு கண்ணு. உனக்கென்னடி குறை."

மூன்று ஒன்பது. ஐந்நூறு பேர் மூச்சு விடாமல் இருப்பதை நான் இதற்கு முன் கேட்டதில்லை. அதற்கு ஒரு சத்தம் இருக்கிறது.

மகாராணி ஏறினாள்.

கதவுகள் ஒரே அடியாகத் திறந்தன. ஒன்பது குதிரைகள். மண் பறந்தது. வண்டிக்குள் எழுந்த கூச்சலில் என் காது அடைத்துக்கொண்டது. அதே நொடி சிவப்பு பச்சையானது. "போங்க! போங்க!" என்று ஒரு குரல். நிமிஷம்தான் அது. நிமிஷம்! டிரைவர் ஹாரன் அடித்தார், ஒரு குதிரையும் திரும்பவில்லை. வண்டி அவற்றின் பின்னால் வளைந்தது. பிடிக்க முடியுமா? அவை அறுபது கிலோமீட்டர் வேகம், நாங்கள் நாற்பது. கொஞ்ச தூரம் புழுதியில் நிறங்கள் தெரிந்தன, பிறகு அதுவும் இல்லை. ஐந்நூறு பேரும் டிரைவரைத் திட்டினார்கள். ஓட்டுய்யா! மாட்டு வண்டியா இது! டிரைவர் அழாத குறையாகச் சிரித்துக்கொண்டே கத்தினார், "நாப்பதுக்கு மேல விதி இல்லடா!"

பார்வையாளர் மாடத்தில் இருப்பவர்களுக்குத் தொடக்கம் ஒரு புள்ளியாகத்தான் தெரியும். எங்களுக்குக் குதிரையின் மூக்குத்துளை தெரிந்தது.

நிலையத்தில் நின்றபோது ஓட்டம் முடிந்திருந்தது. மகாராணி நான்காவது. பெரியவர் என்னைத் தாண்டிப் போகையில், ஜெயித்தவர் போல் இருந்தார். "அடுத்தது எப்பம்மா நிக்கும்?" என்றார். எப்போது போகும் என்று கேட்கவில்லை. எப்போது நிற்கும்.

நிமிஷம் நடைமேடையில் நின்று குறிப்பேட்டைத் திறந்தார். தாமதம் என்ற கட்டத்தில் பென்சிலை வைத்தார். ஒன்பது நிமிடம் நின்றிருக்கிறோம். நான் தரையைப் பார்த்தேன்.

"நேரமே போடாத வண்டிக்குத் தாமதம் எங்கேர்ந்து வரும்?" என்றார் தனக்குத்தானே. ஒரு கோடு போட்டு மூடினார். சட்டைப் பொத்தான் ஒன்று திறந்திருந்தது. அவர் கவனிக்கவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

அக்கா காலையில் மாடிக்கு வந்தாள். பதினைந்து நாளில் முதல் தடவை. வாசலிலேயே நின்றாள்.

"நேத்து ராத்திரியிலேர்ந்து ஒரே கதை அந்த ஆளு. ரயிலு நின்னுச்சாம், சனம் நின்னுச்சாம், இவர்தான் குதிரைய ஏத்துனாராம்."

"அவர்தான் ஏத்தினாரு."

"ஒத்தக் கையால." கொஞ்ச நேரம் என் தாளைப் பார்த்தாள், கோடுகளை. "இதுல எது நம்ம வீடு?"

காட்டினேன்.

"அடுத்த வாரம் நானும் ஏறிப் பார்க்கிறேன்" என்றாள். "சும்மாதான்."

பிப்ரவரி 15, சனி

நான்காவது. மூவாயிரத்து முந்நூறு பேர்.

சிக்னலில் நிற்காமல் போகும் முந்தைய வண்டியை விட்டுவிட்டு, நிற்கும் வண்டிக்காகக் காத்திருக்கிறார்கள்! திடல் பக்க ஜன்னலுக்குச் சண்டை. கிளப் செயலாளர் தன் தூரக்கண்ணாடியோடு ஏறியிருந்தார். அதை அவர் எடுக்கவே இல்லை, தேவைப்படவில்லை. அக்கா அவருக்கு முன்னால் முழங்கையை நுழைத்து இடம் பிடித்திருந்தாள். நீலத் தொப்பியைப் பார்த்ததும் ஊருக்கே கேட்கும்படி, "அதோ, அதான் எங்க வீட்டுக்காரர்" என்றாள். நாலாப் பக்கமிருந்தும் "ஸ்ஸ்ஸ்."

வாயைப் பொத்திக்கொண்டாள். கண் மட்டும் சிரித்தது.

பிப்ரவரி 21, வெள்ளி

தினசரி. மார்ச் பத்திலிருந்து. திங்கள் முதல் வெள்ளி வரை பதினெட்டு நடை. பந்தயச் சனிக்கிழமைகளில் தனி அட்டவணை.

பிற்பகலில் அச்சகத்திலிருந்து கூப்பிட்டார்கள். "மேடம், சனிக்கிழமைப் பக்கத்துல நாலு இடத்துல நேரம் விட்டுப்போயிருக்கு. ஏதோ குதிரைன்னு வந்திருக்கு."

நான் வாயைத் திறப்பதற்குள் நிமிஷம் என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினார். "விட்டுப்போகல. அப்படியே போடுங்க. தடிச்ச எழுத்துல."

மார்ச் 24, திங்கள்

ஏழு நாற்பத்திரண்டு வண்டி. அக்கா எனக்கு எதிரே, கண் மூடி. இப்போதெல்லாம் ஆறு நிமிடத்துக்கும் தூங்கிவிடுகிறாள். பக்கத்தில் கணினிப் பை வைத்த ஒரு பெண், எனக்குத் தெரியாதவள். சிக்னலில் ஒரு நிமிடம் நின்றது. லாயத்துச் சாலையில் வைக்கோல் வண்டி ஏதோ கடந்திருக்கும்.

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்து, உச்சுக் கொட்டி, என் பக்கம் திரும்பினாள்.

"இந்த வண்டி எப்பவுமே இப்படித்தாங்க."

எப்பவுமே! இன்று பதினோராவது நாள்.

"ஆமாங்க" என்றேன். "எப்பவுமே."